நீ ஓடவில்லை

அக்கா,

நேற்று உன் கைப்பை திரும்பி வந்தது. காவல் நிலையத்தில் அதை ஒரு பழுப்புக் கவரில் போட்டு, நூலால் கட்டி, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். அம்மா கோயிலுக்குக் கிளம்பும்வரை காத்திருந்து பிரித்தேன். சீப்பு, ரயில் சீசன் டிக்கெட், பாதி தீர்ந்த பவுடர் டப்பா, ஒரு மாத்திரைப் பட்டை. பட்டையில் ஆறு குழிகள் காலி, நான்கு மாத்திரைகள் மிச்சம். பையின் ஜிப்பை இழுத்ததும் உன் பவுடர் வாசனை குப்பென்று வந்தது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. கோபம்தான் வந்தது. அந்தப் பட்டையை வைத்துத்தான் உன் சாவுக்கு உன்னையே காரணமாக்கப் பார்த்தார்கள்.

‘மனநோய்க்கு மருந்து உட்கொண்டு வந்தவர் எனத் தெரியவருகிறது, பதற்றத்தில் வாகனத்தின் குறுக்கே ஓடியிருக்கக்கூடும்.’ விசாரணைக் குறிப்பில் இப்படி ஒரு வரி இருந்தது. அதை நான் முதன்முதலில் படித்தபோது நீ போய் ஐந்து நாள்கூட ஆகவில்லை. போலீஸ்காரர்களுக்கு அந்த வரி தானாகத் தோன்றிவிடவில்லை. விபத்தன்று காலை நான் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தபோது, குடும்பத்துப் பெரியவர் என்ற முறையில் ஸ்டேஷனுக்குப் போய், இது பயந்த பெண், வண்டியைப் பார்த்துப் பதறி ஓடியிருக்கும் என்று சொன்னவர் நம் மாமா.

உன்மேல் ஏறிய தண்ணீர் லாரிக்காரர், மாமாவின் செம்பாக்கத்துக் கிணற்றில் தண்ணீர் எடுப்பவர். அதற்காகத்தான் மாமா அப்படிச் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். அவர் அதை மனதார நம்பினார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. நீ பிறவியிலேயே பயந்தவள் என்று இருபது வருடமாகச் சொல்லிச் சொல்லி, அந்தப் பயத்தைத் தான்தான் உண்டாக்கினோம் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

எனக்கு மறக்கவில்லை. நீ யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாய். அதை நான் உடைத்துவிட்டேன். எப்படி உடைத்தேன், அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதை உனக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எண்பத்தொன்றில் உனக்கு எட்டு வயது, எனக்கு ஐந்து. அப்பா இறந்து ஒரு வருடம்கூட ஆகாதபோது அம்மாவுக்கு இருமலில் ரத்தம் வந்தது. தாம்பரத்தில் காசநோய்க்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குழந்தைகள் கூட இருக்கக்கூடாது. அம்மாவின் அண்ணன் என்ற உரிமையில் மாமா நம் இருவரையும் செம்பாக்கத்துக்கு அழைத்துப் போனார். ஏரிக்கரையை ஒட்டி நிலம், இரண்டு கிணறு, ஊரில் நாலு பேர் எழுந்து நிற்கும் மரியாதை. பிள்ளை இல்லாதவர். நம்மைத்தான் பிள்ளைகளாக வளர்ப்பதாக எல்லோரிடமும் சொல்வார். மூன்று வேளை சோறு போட்டார், பள்ளிக்கூடத்தில் சேர்த்தார், தீபாவளிக்குத் துணி எடுத்தார். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. யாராவது மறுக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்த ஊர் அது. “உங்க மாமா இல்லன்னா நீங்க நடுத்தெருவுல நின்னிருப்பீங்க” என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் நமக்கு நினைவூட்டிக்கொண்டிருந்தார்கள்.

போன முதல் வாரத்திலேயே நான் பாயை நனைத்தேன். அப்பாவும் இல்லாமல் அம்மாவும் இல்லாமல் புது வீட்டில் படுக்கும் ஐந்து வயதுப் பையன் வேறென்ன செய்வான்? மாமா கத்தவில்லை. என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் கிணற்றடியில் இருந்த மோட்டார் ரூமுக்குள் விட்டு, வெளியே தாழ்ப்பாள் போட்டார். செங்கல் சுவர், தகரக் கதவு, ஜன்னல் இல்லை. குழாய் வெளியே போவதற்காகச் சுவரின் அடியில் விட்டிருந்த ஓட்டை ஒன்றுதான் வெளிச்சம். நான் அலறிய அலறலில் எனக்கு மூச்சு நின்று உதடு நீலமாகிவிட்டதாம். அத்தை ஓடிவந்து திறந்தார். எனக்கு நினைவில் இருப்பது அதற்கடுத்த விடியற்காலைதான். மறுபடியும் நனைத்திருந்தேன். நீ என்னை எழுப்பி, என் டிராயரை அவிழ்த்து வேறு மாட்டிவிட்டு, உன் காய்ந்த பாயில் என்னைத் தள்ளினாய். சொம்புத் தண்ணீரை எடுத்து உன் பாவாடையில் ஊற்றிக்கொண்டு என் ஈரப்பாயில் படுத்துக்கொண்டாய்.

“எட்டு வயசுக் கழுதை” என்றார் மாமா. உன் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார்.

அம்மா திரும்பி வரும்வரை பத்து மாதம். எத்தனை முறை என்று என்னிடம் கணக்கு இல்லை. நான் நனைத்த நாளெல்லாம் நீ உள்ளே போனாய் என்பது மட்டும் தெரியும். சில நாள் பத்து நிமிடத்தில் திறந்துவிட்டு, சிரித்துக்கொண்டே உன் தலையில் தட்டிச் சாப்பிடப் போகச் சொல்வார். சில நாள் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத் தாம்பரம் மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடுவார். வயலுக்குத் தண்ணீர் பாயும் நாளென்றால் உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில், அந்தச் சூட்டில், நீ சுவரோடு ஒட்டி நின்றிருப்பாய். நான் குழாய் ஓட்டைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். நீ இரண்டு விரலை வெளியே நீட்டுவாய். நான் பிடித்துக்கொள்வேன்.

“போய் விளையாடுடா. நான் சும்மாதான் உக்காந்திருக்கேன்” என்பாய்.

நான் போகமாட்டேன். ஆனால் பாயை நனைத்தது நான்தான் என்று ஒருநாளும் மாமாவிடம் சொல்லவுமில்லை. ஐந்து வயதுக்கும் கோழைத்தனம் உண்டு அக்கா. என்னைச் சமாதானப்படுத்திக்கொள்ள நான் அதைக் குழந்தைத்தனம் என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது ஒருநாளும் பலித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா ஸ்கூட்டரில் நம்மை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவார். அம்மா மரத்தடியில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தள்ளி உட்கார்ந்திருப்பாள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பாள். நன்றாக இருக்கிறோம் என்று நம் இருவருக்கும் சேர்த்து நீ பதில் சொல்வாய். திரும்பும்போது நீ என் காதில் சொன்னது இது: “அம்மாகிட்ட சொன்னா மறுபடி ரத்தம் வரும். சத்தியமா சொல்லமாட்டேன்னு சொல்லு.” நான் உன் தலையில் கைவைத்துச் சொன்னேன். உன் தலை சுட்டது.

அம்மா குணமாகி வந்தாள். அஸ்தினாபுரத்தில் ஓர் அறையும் சமையல்கட்டுமாக ஒரு போர்ஷன். அம்மாவுக்கு ஒரு பள்ளியில் ஆயா வேலை. எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். உனக்கு முடியவில்லை. நீ பாத்ரூம் கதவைத் தாழ் போடமாட்டாய். வாளியை முட்டுக் கொடுத்துவிட்டுக் குளிப்பாய். யார் கையிலாவது சாவிக்கொத்து குலுங்கினால் பேசிக்கொண்டிருப்பதைப் பாதியில் நிறுத்திவிடுவாய். பரீட்சை வந்தால் வயிற்றுவலி. அம்மா பஸ்ஸுக்காகக் காத்திருந்து அரைமணி தாமதமாக வந்தால் தெருமுனையில் போய் நிற்பாய். உரத்த குரலில் யாரும் பேசினால் உன் பக்கம் நியாயம் இருந்தாலும் மன்னிப்புக் கேட்பாய்.

இதைப் பார்த்து உறவினர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? அடக்கமான பொண்ணு என்றார்கள். ஒரு ஆண்பிள்ளை இப்படி நடுங்கியிருந்தால் அவனுக்கு என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டிருப்பார்கள். நீ நடுங்கியதற்கு உன்னைப் பாராட்டினார்கள். மற்ற வீட்டுப் பெண்களுக்கு உன்னை உதாரணம் காட்டினார்கள். இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தொண்ணூற்றிரண்டில் தாம்பரத்து ஏற்றுமதி மண்டலத்தில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் உனக்கு வேலை கிடைத்தது. நீண்ட ஏசி ஹால், ஜன்னல் கிடையாது, தூசி வரக்கூடாது என்று கதவை எப்போதும் சாத்தி வைப்பார்கள். சின்னச் சின்னப் பாகங்களைப் பற்றவைக்கும் வேலை. உன் கை அதற்கென்றே பிறந்த கை. மூன்றாவது மாதம் ஒருநாள் மத்தியானம் உனக்கு நெஞ்சு அடைத்து, விரல்கள் மரத்து, செத்துப்போகிறோம் என்று தோன்றி, மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டாய். நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்து ஆட்டோவில் ஏற்றினார்கள். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்த டாக்டர் சிரித்தார். ஹார்ட் கல்லு மாதிரி இருக்கிறது, ஒன்றுமே இல்லை என்றார்.

அதற்குப் பிறகு ஐந்து வருடம் நாம் கேட்டது இந்த ‘ஒன்றுமே இல்லை’யைத்தான். ஒருவர் கேஸ் டிரபுள் என்றார். ஒருவர் சத்து மாத்திரை எழுதினார். ஒருவர், உன்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, கல்யாணம் பண்ணிவையுங்கள் சரியாகிவிடும் என்று அம்மாவிடம் சொன்னார். மாமா ஒரு மந்திரிக்கிறவரைக் கூட்டிவந்தார். அவர் உன் முகத்தில் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்து, யாரைப் பார்த்துப் பயந்தாய் என்று அதட்டிக் கேட்டபோது, மாமா அவருக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றிருந்தார். நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் அப்போது டிப்ளமா படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு நிமிடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம்.

வேலை போயிற்று. ரயிலில் ஏற முடியவில்லை, பிறகு பஸ்ஸிலும் முடியவில்லை. ஒரு வரன் வந்து எல்லாம் பேசி முடிகிற நேரத்தில் மாமா பிள்ளை வீட்டாரிடம், “எங்க பொண்ணு கொஞ்சம் பயந்த சுபாவம். பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான். நீங்கதான் பாத்துக்கணும்” என்று நல்லெண்ணத்தோடு சொல்லிவைத்தார். அவர்கள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். நீ அன்று சாயங்காலம் வந்தவர்களுக்கு வைத்த டம்ளர்களை ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்த்தாய்.

நான் குரோம்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்த வருடம், கூட வேலை பார்த்தவர் ஒருவர் தன் மனைவிக்கும் இதே போல இருந்தது என்று சொல்லி, சைதாப்பேட்டையில் ஒரு டாக்டரின் முகவரி கொடுத்தார். மனநல டாக்டர் என்றதும் அம்மா பயந்தாள். நான் மாமாவிடம் சொல்லாமல் உன்னை அழைத்துப் போனேன். நினைவிருக்கிறதா? வாடகைக்கு ஆட்டோ பிடித்து, இரண்டு பக்கமும் திறந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் நீ ஏறினாய்.

அந்த டாக்டரம்மா உன்னை எங்கே வேண்டுமானாலும் உட்காரச் சொன்னார். நீ கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாய். அவர் எழுந்து வந்து, கதவைத் திறந்துவைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். உனக்கு என்ன செய்கிறது என்று அவர் முதலில் கேட்கவில்லை. சின்ன வயதில் யாரைக் கண்டால் பயம் என்று கேட்டார். நீ வெகுநேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு சொன்னாய். மோட்டார் ரூமில் தொடங்கி, நிற்காமல், குரலை உயர்த்தாமல், முழுவதும் சொன்னாய். பாய் யாருடையது என்பதை மட்டும் சொல்லவில்லை.

அவர் சொன்னதை நான் வீட்டுக்கு வந்து ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். “பயம் வந்தா உடம்புல சில ரசாயனங்கள் சுரக்கும். ஓடறதுக்கோ சண்டை போடறதுக்கோ நம்மள தயார் பண்றது அதுங்கதான். ஆபத்து போனதும் அடங்கிடணும். ஆனா மூளை வளர்ற வயசுல, எப்போ பூட்டுவாங்க எப்போ தெறப்பாங்கன்னே தெரியாம ஒரு குழந்தை மாசக்கணக்குல பயந்துகிட்டிருந்தா, அந்த மூளை எப்பவும் தயாராவே இருக்கக் கத்துக்குது. பயத்தை அடக்கிவைக்கிற ரசாயனங்களும் சரியா வேலை செய்யாம போகலாம். அப்புறம் பத்து வருஷம் கழிச்சு ஒரு கதவு சாத்தினாலும் போதும், உடம்பு மொத்தமும் எழுந்துக்கும். இது கோழைத்தனம் இல்லம்மா. உங்க உடம்பு உங்களக் காப்பாத்தறதுக்காகக் கத்துக்கிட்டது. இனிமே தேவையில்லன்னு அதுக்குச் சொல்லிக்கொடுக்கணும். கொஞ்ச நாள் மாத்திரை வேணும், பயிற்சியும் வேணும்.”

நீ என்னைக் காட்டி, லேசாகச் சிரித்துக்கொண்டே கேட்டாய். “இவனும் அங்கதான் வளர்ந்தான். இவன் மட்டும் எப்படி டாக்டர் நல்லா இருக்கான்?”

எல்லோருக்கும் ஒரே மாதிரி ஆவதில்லை, பிறவியிலேயே சில வித்தியாசங்கள் உண்டு என்றார் அவர். “ஆனா பயப்படற குழந்தைக்குப் பக்கத்துல நம்பிக்கையா ஒருத்தர் இருந்துட்டா பாதிப்பு ரொம்பக் குறையும். இவருக்கு அந்த மாதிரி யாராவது இருந்தாங்களா?”

எனக்கு நீ இருந்தாய். உனக்கு யார் இருந்தார்கள்? எட்டு வயதில், பெரியவர்கள் நிரம்பிய ஊரில், உனக்கு ஒருத்தரும் இல்லை. இருந்தது ஓட்டைக்கு வெளியே உட்கார்ந்திருந்த நான் ஒருவன்தான். நானும் உன் விரலைப் பிடித்துக்கொண்டது எனக்காக.

வெளியே வந்து கரும்புச்சாறு குடித்தோம். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இப்போதே செம்பாக்கம் போய் அவரைக் கேட்கப்போகிறேன் என்று குதித்தேன். நீ டம்ளரைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுச் சொன்னாய்: “கோவப்படாதடா. இத்தனை வருஷம் நான்தான் சரியில்லன்னு நெனச்சுகிட்டிருந்தேன். இல்லன்னு தெரிஞ்சுதே, அது போதும்.” உன் முகத்தில் அவ்வளவு நிம்மதியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அந்த நிம்மதிதான் என்னை இன்னும் கோபப்படுத்தியது. ஒரு மனுஷிக்கு இருபத்து நான்கு வயதில், அதுவும் வெளியாள் சொல்லித்தான், தன்மேல் குற்றமில்லை என்று தெரியவேண்டியிருந்தது.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமைகள். முதல் வாரம் குரோம்பேட்டையிலிருந்து பல்லாவரம் வரை ஒரே ஒரு ஸ்டேஷன். நீ கதவோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, டாக்டர் சொன்னபடி மூச்சை மெல்ல விட்டுக்கொண்டு நின்றாய். உன் மேலுதட்டில் வியர்வை பொடித்திருந்தது. இறங்கியதும் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அழுதாய், பிறகு பசிக்கிறது என்றாய். அடுத்த வாரம் திரிசூலம். இரண்டு தடவை பாதியில் இறங்கித் திரும்பி வந்தோம். நான்கு மாதத்தில் மாம்பலம் போய்ச் சேர்ந்தாய். அங்கேயே ஒரு டி.டி.பி. சென்டரில் வேலை வாங்கினாய். முதல் சீசன் டிக்கெட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, ரேங்க் கார்டு காட்டுகிற மாதிரி அம்மாவிடம் காட்டினாய். பயம் போய்விடவில்லை என்று நீயே சொல்வாய். அதைக் கூட்டிக்கொண்டே போய் வரலாம் என்று தெரிந்துகொண்டதாகவும் சொல்வாய். ஏறத்தாழ இரண்டு வருடம் அப்படிப் போய் வந்தாய்.

போன ஐப்பசியில் ஒருநாள் காலை எட்டு மணிக்கு, அஸ்தினாபுரம் பஸ் ஸ்டாப்பில், புதிதாகக் கட்டும் ஃபிளாட்டுக்குத் தண்ணீர் கொண்டுவந்த லாரி வேகமாகப் பின்பக்கமாக வந்தது. அவ்வளவுதான். அதற்கும் உன் பயத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இட்லிக் கடை போடுகிற அம்மா உன்னைத் தினமும் பார்த்தவர். நான் போய்க் கேட்டபோது கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். “அந்தப் பொண்ணு ஓரமாத்தான் சார் நின்னுகினு இருந்துச்சு. லாரிதான் ரிவர்ஸ்ல மண்ணுல ஏறிச்சு. இன்னொரு பொம்பள கொயந்தையோட நின்னுகினு இருந்தா. அவள இழுத்துத் தள்ளிவுட்டுச்சு உங்க அக்கா. அது ஓடவே இல்ல சார்.”

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் பதினாறாம் நாள் காரியத்துக்கு உட்கார்ந்திருந்தேன். வீடு நிறைய ஆட்கள். சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும் நேரம். யாரோ எப்படி நடந்தது என்று கேட்க, நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமா பெருமூச்சு விட்டுச் சொன்னார்: “என்னத்த சொல்றது. பொறந்ததுலேர்ந்தே பயந்த பொண்ணு. வண்டியப் பாத்ததும் பதறி ஓடியிருக்கும்.”

நான் எழுந்து நின்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. “அவ பொறக்கும்போது பயந்தவ இல்ல மாமா. எட்டு வயசு வரைக்கும் பயந்தவ இல்ல. மோட்டார் ரூம்ல போட்டுப் பூட்டினீங்களே, அதுலேர்ந்துதான்.”

மாமா என்னைப் பார்த்தார். உண்மையிலேயே அவருக்குச் சட்டென்று நினைவு வரவில்லை, அது அவர் முகத்தில் தெரிந்தது. பிறகு வந்தது. பிள்ளைகளை ஒழுங்காக வளர்க்க வேண்டும் என்றுதானே செய்தேன் என்று சொல்ல ஆரம்பித்தார். அத்தை குறுக்கிட்டார். “எல்லா வீட்டுலயும் புள்ளைங்கள கண்டிச்சுத்தான் வளத்தாங்க. நீயும் அங்கதானே வளந்த? நீ நல்லாத்தானே இருக்க?”

“நல்லாத்தான் இருக்கேன் அத்தை. பாயை நனைச்சவன் நான். உள்ள போனவ அவ. பத்து மாசமும் எனக்குப் பதிலா அவ போனா. அதனாலதான் நான் நல்லா இருக்கேன்.”

மாமா எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். செருப்பைத் தேடிக் கண்டுபிடிக்க அவருக்குக் கொஞ்ச நேரமாயிற்று. அத்தை வாசற்படியில் ஒருமுறை நின்றார், எதுவோ சொல்ல வந்த மாதிரி. பிறகு படியிறங்கினார். வந்தவர்களில் பாதிப் பேர் அவர்கள் பின்னாலேயே போனார்கள். சோறு போட்டவரை இப்படியா பேசுவது என்று ஒருவர் என் காதுபட சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா சமையல்கட்டு வாசலில் நின்றிருந்தாள். அவள் மயங்கி விழுவாள் என்று பயந்தேன். அவள் கேட்டது வேறு. “பாய் உன்னோடதா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாயைப் பற்றி மட்டும்தான் கேட்டாள்.

“ரூம்ல பூட்டினது உனக்குத் தெரியுமாம்மா?”

“ஒரு ஞாயித்துக்கெழமை அவ வெரல் நகமெல்லாம் ஒடைஞ்சிருந்துச்சு. உங்க அத்தைகிட்ட கேட்டேன், சொன்னா.” அம்மா தரையில் உட்கார்ந்தாள். “தெரிஞ்சு என்ன பண்ண முடியும்? உங்கள வேற எங்க கொண்டு போய் விடுவேன்?”

அவளிடம் காட்டுவதற்கு என்னிடம் அன்று இரக்கம் இல்லை, அக்கா. உன்னிடம் மறைக்க முடியாது, இன்றும் முழுதாக இல்லை. உடம்பில் நோயோடு, கையில் ஒன்றுமில்லாமல், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்தவள் வேறென்ன செய்திருக்க முடியும் என்று எனக்கே நன்றாகத் தெரிகிறது. ஆனாலும் பிறகு பதினெட்டு வருடம் இருந்ததே. ஒருநாள் உன்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எனக்குத் தெரியும் கண்ணு என்று சொல்லியிருக்கலாமே. அவளுக்கு ரத்தம் வந்துவிடும் என்று நீ சொல்லவில்லை. உனக்கு வலிக்கும் என்று அவள் சொல்லவில்லை. நடுவில் நான், சத்தியம் செய்தவன். மூன்று பேரும் ஒரே அறையில் படுத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் காவல் காத்திருக்கிறோம்.

அடுத்த வாரம் முதல் ஸ்டேஷனுக்கு நடந்தேன். நான்கு தடவை. டாக்டரம்மா எழுதிக் கொடுத்த கடிதத்தை எடுத்துப் போனேன். இட்லிக் கடை அம்மா ஒருநாள் வியாபாரத்தை விட்டுவிட்டு என்னோடு வந்தார். இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை, வேலை மிகுந்தவர். மனசுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று யாருக்குத் தெரியும் என்றார். எனக்குத் தெரியும் என்றேன். இரண்டு வருடம் தினமும் இந்த மாத்திரையோடு அவள் மாம்பலம் போய் வந்திருக்கிறாள், அதற்கு அத்தாட்சி உங்கள் கவரில் இருக்கும் சீசன் டிக்கெட் என்றேன். பிறகு, மேஜையில் அவருடைய மருந்துச்சீட்டு கிடந்ததைப் பார்த்துவிட்டுக் கேட்டேன்: “சார், பி.பி.க்கு மாத்திரை சாப்பிடறவரு மேல லாரி ஏறினா, பி.பி.யாலதான் செத்தாருன்னு எழுதுவீங்களா?”

அவர் அந்தச் சீட்டை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு ரைட்டரைக் கூப்பிட்டு இட்லிக் கடை அம்மாவின் வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளச் சொன்னார். அந்த அம்மா சொன்னதை ரைட்டர் எழுத்துத் தமிழில் மாற்றி வாசித்துக் காட்டினார்: ‘சாலையோரத்தில் நின்றுகொண்டிருந்த மேற்படியார், அருகில் இருந்த பெண்ணையும் குழந்தையையும் அப்புறப்படுத்திய நிலையில்.’ அந்த அம்மா இடைமறித்தார். “ஓடலன்னு எழுதுங்க சார்.” எழுதினார்கள். கேஸ் இன்னும் கோர்ட்டில் இருக்கிறது. எப்படி முடியுமோ தெரியாது. ஆனால் காகிதத்தில் இப்போது நீ ஓடவில்லை.

போன வாரம் செம்பாக்கத்திலிருந்து ஒரு பத்திரிகை வந்தது. மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம். மஞ்சள் தடவி, அம்மாவின் பெயரை மட்டும் எழுதி, ஆள் மூலம் கொடுத்தனுப்பியிருந்தார். ஒரே தங்கை. முறை செய்யவேண்டியவள். அவள் போவாள் என்றுதான் நான் நினைத்தேன். பத்திரிகை கொண்டுவந்த ஆளுக்கு அவள் மோர் கொடுத்தாள். அவர் குடித்து முடித்ததும், பத்திரிகையை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்து, “நான் வரலன்னு சொல்லிடுங்க” என்றாள். ஏன் என்று அவர் கேட்டார். “என் பொண்ண அங்க பூட்டி வச்சாங்க” என்றாள். தெருவில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கும்படிதான் சொன்னாள்.

நீ கோபப்படாதே என்று சொன்னாய் அக்கா. நீ சொல்லி நான் கேட்காத இன்னொன்று இதுதான். எல்லோரும் விடச் சொல்கிறார்கள். இருபது வருடத்துக் கதை, போன உயிர் திரும்புமா என்கிறார்கள். நான் விடப்போவதில்லை. எங்கேயாவது ஒரு குழந்தையைப் பார்த்து, இது பிறவியிலேயே பயந்தது என்று யாராவது சொன்னால், நான் இப்போது நின்று, யார் பயமுறுத்தினார்கள் என்று கேட்கிறேன். கல்யாண வீட்டில் கேட்டிருக்கிறேன், ஆபீசில் கேட்டிருக்கிறேன், முந்தாநாள் ரயிலில் முன்பின் தெரியாத ஒருவரிடம் கேட்டேன். அவருக்குப் பிடிக்கவில்லை. அவர் மடியில் இருந்த பெண்குழந்தை மட்டும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது.